வழுக்காத ஒரு சோடிச் சப்பாத்து

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு சப்பாத்துக் கடையில் ஆறு வருடம் வேலை செய்தேன். ஆள் வாசல்படி ஏறும்போதே கால் எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன். புறங்கால் உயரமா, பாதம் அகலமா, நடக்கும்போது குதியின் எந்தப் பக்கத்தைத் தேய்க்கிறவர் என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதனால் எனக்கென்று ஒரு சோடி வாங்க வேண்டி வந்தபோது, அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். கிட்டத்தட்ட மூன்று மாதம் பிடித்தது.

அந்தச் சோடி மலைச் சைக்கிளுக்கு. எங்கள் தோட்டம் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிறது. தோட்டத்தின் அடிவாரத்தில், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களா ஒன்று உண்டு. இப்போது அது ஹோட்டல். அங்கே வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு மலையைப் பார்த்தால் போதவில்லை. சைக்கிளில் ஏறித் தேயிலைக்குள் இருக்கிற ஒற்றையடிப் பாதைகளில் உருண்டு இறங்க வேண்டும். அவர்களுக்கு முன்னால் போய் வழிகாட்ட ஓர் ஆள் தேவை என்ற செய்தி, நான் லீவில் ஊருக்கு வந்திருந்த சமயத்தில் என் காதில் விழுந்தது.

வேலை எனக்காகவே செய்து வைத்தது போல இருந்தது. பாதை ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி. சிங்களம் புறக்கோட்டையில் படித்தது. ஆங்கிலம் வெள்ளைக்காரர்களுக்குச் சப்பாத்து விற்றே பேச வந்தது. சைக்கிளை எப்படியாவது ஓட்டிவிடுவேன். நேரே போய்க் கேட்டேன்.

அங்கே சைக்கிள்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். மெலிந்த மனிதர், நாளுக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். பழைய சைக்கிள் ஒன்றைப் பழகிக்கொள்ளக் கொடுத்தார், தலைக்கவசமும் கொடுத்தார். சப்பாத்து உன்னுடையது என்றார். சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பரீட்சை இருக்கும். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான மேல் லயத்திலிருந்து தண்ணீர்க்கரை வரை நான் முன்னால் இறங்க வேண்டும், அவர் பின்னால் வருவார். ஒருமுறைகூட நான் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. ஊன்றினால் பின்னால் வருகிற விருந்தாளி உன் மேல் ஏறுவான் என்று காரணமும் சொன்னார். நாலு வார்த்தைக்காரர் அவ்வளவு விளக்கியதே பெரிய விஷயம்.

என் வீட்டுக்காரியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் இதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். எங்களுக்குக் கலியாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் பாதியை நான் ஹட்டன் பஸ்ஸில் கழித்திருப்பேன் என்று அவள் சொல்வாள். தீபாவளிக்கு வருவேன், திருவிழாவுக்கு வருவேன், வந்த களைப்புத் தீருவதற்குள் கிளம்பிவிடுவேன். ஹோட்டல் சங்கதியைச் சொன்னதும் அவள் ஒரே மூச்சில் முடிவு சொல்லிவிட்டாள்.

"இங்கயே இருந்துருங்க. நீங்க மாட்டிவிடாட்டி கொழும்புக்காரன் வெறுங்காலோடயா போகப் போறான்?"

கடை முதலாளியிடம் தொலைபேசியில் பேசினேன். நத்தார், அதாவது கிறிஸ்மஸ் வியாபாரம் தொடங்கும்வரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அந்த நல்ல மனசே எங்களுக்கு ஒரு கெடுவாகிவிட்டது. பரீட்சையில் தேறினால் வீட்டில் இருப்பேன், தவறினால் மறுபடி புறக்கோட்டை.

என் பயணப் பை கதவோரத்து ஆணியில் தொங்கியது. துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கலாம் என்றேன். அவள் விடவில்லை. இப்போது எடுத்து அடுக்கி, பிறகு மறுபடி பைக்குள் திணிக்க நேர்ந்தால் தன்னால் தாங்க முடியாது என்றாள். அதனால் சட்டையைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, துவைத்துக் காய்ந்ததும் பைக்குள்ளேயே வைத்தேன். வீட்டில் நடக்கும்போதெல்லாம் அந்தப் பை தோளில் இடித்தது. அவள் மட்டும் அதைத் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போவாள்.

இனிச் சப்பாத்துக்கு வருகிறேன். மலைச் சைக்கிளில் பெடல் இரண்டு விதம். ஒரு விதம் சப்பாத்தை அடியில் பூட்டிக்கொள்ளும். மற்றது தட்டைப் பெடல், சும்மா அகலமான தட்டு. அதன் மேல் சின்னச் சின்ன இரும்பு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சப்பாத்தின் அடி அந்த முட்களில் அழுந்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், வேறு பிடிமானம் கிடையாது. கால் வழுக்கினால் பெடல் சுழன்று வந்து கணைக்காலில் அடிக்கும். முதல் வாரத்திலேயே என் கணைக்காலைப் பார்த்தவர்கள், வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டார்கள்.

முதல் சோடியை நான் மலைக்காரன் புத்தியோடு வாங்கினேன். எங்கள் பக்கத்தில் சப்பாத்து வாங்குகிறவன் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பான். அடியில் வெட்டு எவ்வளவு ஆழம் என்று பெருவிரலை விட்டுப் பார்ப்பான். விரல் நகம் மறைந்தால் நல்ல சப்பாத்து. சேற்றுச் சரிவில் கூடை சுமந்து நிற்கிறவர்களுக்கு அது சரியான கணக்குத்தான். நானே கடையில், மலைக்குப் போகிறேன் என்று வந்த எல்லோருக்கும் அதைத்தான் ஓதியிருக்கிறேன். ஹட்டன் கடைத்தெருவில் பல்லுப் பல்லாக அடி வைத்த பூட்ஸ் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்து, லயத்து முன்வாசலில், நாங்கள் இஸ்தோப்பு என்று சொல்லும் இடத்தில், அக்கம்பக்கத்துக்குத் தெரியும்படி வைத்தேன்.

மறுநாள் காலை எப்போதும் போல விடிந்தது. பெரட்டுக்கு நேரமாகிறதென்று அவள் பரபரத்தாள். பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் கூட்டி எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புவது. ரொட்டியைச் சுருட்டித் துணியில் கட்டினாள், தலைத்துண்டை உதறினாள். இஸ்தோப்பில் குந்தி, இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு முன்னேற்பாடாக, துணி துவைக்கிற சவுக்காரத்தை உப்போடு சேர்த்துத் தன் காலில் தேய்த்துக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த என் சப்பாத்துக்கும் ஒரு பூச்சுப் பூசிவிட்டாள். நான் உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பூட்ஸை மாட்டி, இஸ்தோப்பிலிருந்தே சைக்கிளில் ஏறி, கம்பீரமாகக் கிளம்பினேன்.

மேல் லயத்திலிருந்து இறங்கும் பாதையில், இரண்டாவது வளைவு தாண்டியதும் ஒரு கான் குறுக்கே ஓடுகிறது. மழைத்தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால்தான். அதைச் சைக்கிளில் எழுந்து நின்று, முன்பக்கச் சக்கரமான முன்சில்லைத் தூக்கிக் கடக்க வேண்டும். எழுந்து நின்றேன். கால் இரண்டும் பெடலைவிட்டுக் கம்பி நீட்டின. சைக்கிள் கானுக்குள் போனது, நான் தேயிலைக்குள் போனேன். அன்று பார்த்து என் வீட்டுக்காரியின் கூட்டம் அதே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. தேயிலைக்குள்ளிருந்து நான் எழுந்தபோது என்னைச் சுற்றிலும் பெண்கள். அதில் ஒரு அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கும் ஒரு கூடை குடுத்துருவோமா என்று அவளிடம் கேட்டாள். அவள் என்னை முன்பின் தெரியாதவள் போலக் கொழுந்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சைக்கிள்களுக்குப் பொறுப்பான ஹோட்டல்காரர் என் பூட்ஸைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். பல் ஆழமாக இருந்தால் பெடல் முள் பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் காற்றில் நிற்கும், ரப்பரில் அழுந்தாது என்றார். அடி தட்டையாக, ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டுமாம். தன் சப்பாத்தைக் கழற்றிக் காட்டினார். சைக்கிளுக்கென்றே செய்தது. விலையைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்த விலைக்குச் சப்பாத்து போட்டால் அதை நான் தலையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும்.

என் மூக்கு உடைபட்டதுதான். ஆறு வருடத் தொழில், அடியைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கையைக் கடிக்காத விலையில் அதே குணமுள்ள சப்பாத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் நான் சப்பாத்துக் கடைக்காரன் இல்லை என்று மனசுக்குள் சபதம் எடுத்தேன். எனக்கு ரோஷம் வந்தால் செலவும் கூடவே வரும் என்று வீட்டில் அபிப்பிராயம்.

இரண்டாவது சோடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிக்குப் போடுகிற வெள்ளைக் கான்வஸ். அடி தட்டை, ரப்பர் மெத்தென்று இருந்தது. விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அடி அப்பளக் கனம். கல்லில் சைக்கிள் குதிக்கும்போது பெடல் முள் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் எழுந்து விசாரித்தது. மழையில் நனைந்தால் காயவே காயாது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டோம், வீடு முழுவதும் என் கால் நாற்றம். இரண்டு கிழமையில் முன்பக்கம் வாயைத் திறந்து, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. இவ்வளவுக்கும் மேலே, மேல் லயத்துப் பாதையில் அதுவும் வழுக்கியது. அதுதான் எனக்கு விளங்கவில்லை. தட்டை அடி, மெது ரப்பர், ஹோட்டல்காரர் சொன்னபடிதான். ஆனாலும் அந்தக் கானில் கால் நழுவியது. அடிவாரத்தை நெருங்க நெருங்க மட்டும் பிடிமானம் தானாக வந்தது. உடம்பு சூடேறினால்தான் கால் சொன்னபடி கேட்கும் போல என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, காலையில் இஸ்தோப்பில் குதித்துக் குதித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் பயந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது சோடியை ஹட்டனில் பழைய சாமான் விற்கிற இடத்தில் பிடித்தேன். வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வருகிற பழைய சப்பாத்துகளைக் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். சோடி சேர்ந்து கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். குவியலுக்குள் கையை விட்டபோது ஒரு வலது கால் அகப்பட்டது. பலகையில் சில்லுப் பூட்டி ஓடுகிறார்களே, அந்த விளையாட்டுக்காரர்கள் போடுகிற மாதிரி. அடி முழுத் தட்டை, ஆனால் நல்ல கனம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன், தடம் விழுந்தது, விழுந்த தடம் மெதுவாக மறைந்தது. நல்ல ரப்பருக்கு அதுதான் அடையாளம். வளைத்துப் பார்த்தேன், விரல் பக்கம் வளைந்தது, நடுவில் விறைப்பாக நின்றது. முன்பக்கம் கட்டியான தோல், கல்லில் இடித்தாலும் நகம் போகாது. ஓரத்தில் தையல் முழுசாக இருந்தது. நம்பரும் என் நம்பர்.

இடது காலைக் காணோம். கடைக்காரர், வந்தால் வரும் இல்லாவிட்டால் இல்லை என்கிற மாதிரி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குவியலை ஒரு பக்கத்திலிருந்து பிரித்தேன். புறக்கோட்டையில் பழகிய கை, நம்பர் நம்பராக, சோடி சோடியாகத் தானே அடுக்கிக்கொண்டு போனது. சனம் வந்து என்னைக் கடைப் பையன் என்று நினைத்து விலை கேட்டது. இரண்டு பேருக்கு விற்றும் கொடுத்தேன். கடைசியில் குவியலின் அடியில், ஒரு பெண்பிள்ளைச் செருப்பின் வாரில் மாட்டிக்கொண்டு, என் இடது கால் கிடந்தது. கடைக்காரர் ஒழுங்காக அடுக்கப்பட்ட தன் கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சொன்ன விலையில் பாதியைத் தானாகவே குறைத்தார்.

அன்று சைக்கிளைப் பிரேக் சரிபார்க்க ஹோட்டலில் விட்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கே போய், புதுச் சப்பாத்தைப் போட்டு முற்றத்தில் ஓட்டினேன். பெடல் காலைக் கவ்விப் பிடித்தது. படிகளில் இறங்கினேன், எழுந்து நின்றேன், குதித்தேன், கால் அசையவே இல்லை. அதே கவ்வலோடு மேட்டுப் பாதையெல்லாம் மிதித்து வீடு வந்து சேர்ந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. சோறு போடும்போது அந்தச் சப்பாத்தின் அருமையை நான் சொல்லச் சொல்ல, அவள் ஒரு கட்டத்தில், கலியாணத்தன்னைக்குக்கூட என்னைய இப்புடிப் பாக்கல என்று முனகினாள்.

மறுநாள் காலை, அதே சப்பாத்து, அதே கான். வழுக்கி விழுந்தேன்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. சைக்கிளைத் திட்டினேன், கானைத் திட்டினேன், அதை வெட்டியவனின் பரம்பரையைத் திட்டினேன். அவள் திட்டவில்லை. நேற்று நான் போட்ட ஆட்டத்தில் சப்பாத்துக்குக் கண்பட்டுவிட்டது என்று முடிவு கட்டி, மிளகாயும் உப்பும் எடுத்துச் சப்பாத்தைச் சுற்றி அடுப்பில் போட்டாள். இருமக் காத்திருந்தோம், கமறலே வரவில்லை. கண் இவ்வளவு கடுமையாகப் பட்டிருக்கிறதென்று அவளுக்குத் திருப்தி. அதற்கும் சரிப்படவில்லை. கிழமைகள் ஓடின. கீழே பிடிக்கும், மேலே வழுக்கும். பரீட்சையோ மேலேதான் தொடங்குகிறது. கடை முதலாளி ஒருமுறை தொலைபேசி எடுத்து, வருகிறாயா என்று அன்பாக விசாரித்தார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் நல்ல மழை. நனைந்தால் நனைகிறது என்று கிளம்பினேன். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் இரண்டு முறை கால் நழுவி, மனசு விட்டுப்போய், பெரட்டுக் களத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டேன். மழைக்கு அங்கே ஒதுங்கி நின்ற பெண்களில், எனக்குக் கூடை கொடுக்கச் சொன்ன அதே அக்காவும் இருந்தாள். என் காலையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னா தம்பி, போற வழியில துணி தொவைக்கிறீங்களா?"

குனிந்து பார்த்தேன். பெடல் இரண்டிலும் வெள்ளை வெளேரென்று நுரை. சப்பாத்தின் அடியிலிருந்து குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் பாதையிலும் அங்கங்கே நுரை மிதந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. சவுக்காரம்! தினமும் காலையில் அவள் என் சப்பாத்துக்குப் பூசுகிற அட்டைச் சவுக்காரம். அட்டை அடியிலிருந்துதான் ஏறும் என்று ஓரத்தையும் விடாமல், அடியையும் விடாமல் பூசுவாள். நான் மண்ணில் கால் வைக்காமல் இஸ்தோப்பிலிருந்தே பெடலில் ஏறுகிறவன். தேய்ந்து போக இடமில்லை. கீழே போகப் போக ஈரத்தில் கழுவப்பட்டு, பிடிமானம் வரும். ஹட்டனிலிருந்து வாங்கி வந்த அன்று மட்டும், ஓட்டுவதற்கு முன் அந்தச் சப்பாத்து எங்கள் இஸ்தோப்பைப் பார்க்கவில்லை.

இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று கொழும்பு நண்பர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்கள் அட்டை மலையில் பிறக்கவில்லை. எங்களுக்குச் சவுக்காரம் பூசுவது பல் விளக்குவது மாதிரி. வழுக்கி விழுந்தவன் காலையில் பல் விளக்கினோமே, அதனால் இருக்குமோ என்று யோசிப்பானா?

நேரே பீலிக்குப் போனேன். மலையிலிருந்து வருகிற தண்ணீர் குழாயில் கொட்டும் இடம் அது. தும்புத் தூரிகையால் அடியைத் தேய் தேய் என்று தேய்த்தேன். மறுபடி மேலே ஏறி, இறங்கினேன். கானை மூன்று முறை தாண்டினேன். கால் பெடலோடு ஒட்டி நின்றது. தொழில்காரன் என்பதால், கழுவிய சப்பாத்தை இஸ்தோப்பில் வைத்துவிட்டு, அந்தப் பழைய பூட்ஸையும் கழுவிப் போட்டுப் பார்த்தேன், அது கழுவியும் வழுக்கியது. அதில் எனக்கு ஒரு ஆறுதல். என் வீட்டுக்காரி மேல் எல்லாப் பழியும் விழவில்லை.

வீட்டுக்கு ஒரு பெரிய சண்டையை மனசில் தயார்பண்ணிக்கொண்டுதான் போனேன். சாயந்தரம் அவள் வேலைவிட்டு வந்து, உடுப்புக்கூட மாற்றாமல், இஸ்தோப்பில் குந்தியிருந்தாள். மடியில் என் சப்பாத்து, கையில் ஒரு புதுச் சவுக்காரக் கட்டி. நாளைக்குப் பாதி வழியில் அட்டை கடித்து நான் காலை ஊன்றிவிடக் கூடாதென்று, இன்றைக்கே ஒரு பூச்சு, விடிந்ததும் ஒரு பூச்சு என்று திட்டம். அடியில் விரலால் தடவித் தடவி, கோயில் வாசலுக்குச் சாந்து பூசுகிற கவனத்தோடு பூசிக்கொண்டிருந்தாள். நான் தயார்பண்ணி வைத்திருந்த சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நுரை விஷயத்தை மெதுவாகச் சொன்னேன்.

அவள் கை நின்றது. சவுக்காரத்தையும் சப்பாத்தையும் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா நாந்தான் ஒங்கள கொழும்புக்குத் தள்ளிக்கிட்டு இருந்தேனா?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. இல்லை புள்ள, பூட்ஸும் வழுக்குது என்று நான் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அது எவ்வளவு மடத்தனமான சமாதானம் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மிளகாய் சுற்றிப் போட்டதும் நான் கோழிகளுக்கு முன்னால் குதித்ததும் ஞாபகம் வர, சிரிப்பு அடங்கவே இல்லை. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குச் சவுக்காரம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னாள். மேலே மட்டும் பூசினாலும் மழை அடிக்குக் கொண்டுபோய்விடும்.

"அட்டைக்கு வயிறாரக் குடுத்துட்டு, வேலையோட வாங்க."

காலையில் நான் எழுவதற்குள் அவள் பெரட்டுக்குப் போய்விட்டாள். சப்பாத்து கழுவித் துடைத்து, அடுப்புச் சூட்டில் காய்ந்து, இஸ்தோப்பில் இருந்தது. கை பழக்கத்தில் போய்விடும் என்று பயந்தோ என்னவோ, சவுக்காரக் கட்டியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

ஹோட்டல்காரர் வந்தார், தலையை அசைத்தார், கிளம்பினோம். முதல் வளைவிலேயே காலில் சில்லென்று ஒன்று ஊர்ந்தது. எங்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டாம். குனிந்து தட்டக் கை துடித்தது, தட்டினால் சைக்கிள் போய்விடும். ஊர்ந்தது ஊரட்டும் என்று விட்டேன். இரண்டாவது வளைவு தாண்டியதும் அந்தக் கொழுந்துக் கூட்டம். அன்றும் அதே மலைதான். கான் வந்தது. எழுந்து நின்றேன். பெடல் காலைப் பிடித்திருந்தது. முன்சில்லு எழும்பியது, பின்சில்லு தொடர்ந்தது, தாண்டிவிட்டேன். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், கொழுந்து கிள்ளுகிற சத்தம்கூட நின்றிருந்தது. என் வீட்டுக்காரி மட்டும் முதுகைக் காட்டி நின்றாள். பார்த்தால் விழுந்துவிடுவேன் என்று பயந்து திரும்பிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள்.

தண்ணீர்க்கரையில் நிறுத்தினேன். வழி முழுவதும் காலை ஊன்றவில்லை. சப்பாத்தைக் கழற்றினால் காலுறை சிவப்பாக இருந்தது. அட்டைகள் திராட்சைப் பழம் போல ஊதி, கல்யாணச் சாப்பாடு முடிந்த களைப்பில் கிடந்தன. ஹோட்டல்காரரின் காலில் ஒன்றும் இல்லை. முழங்கால் வரை ஏறுகிற, நெருக்கி நெய்த துணி உறை ஒன்று போட்டிருந்தார். அட்டை உறையாம். விருந்தாளிகளுக்காக ஹோட்டலில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறதாம், நீ ஏன் கேட்கவில்லை என்றார். அப்படியொன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. பிறகு சிங்களத்தில், நாளைக்கு வரும்போது ஒன்று எடுத்துக்கொள், வெள்ளிக்கிழமை முதல் விருந்தாளிகள் வருகிறார்கள் என்றார். அதுதான் எனக்கு வேலை கிடைத்த செய்தி என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

சாயந்தரம் அவள் வந்தபோது நான் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அவள் கூடையை இறக்கிவைத்தாள், என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. என் காலை மடியில் எடுத்து வைத்துத் துடைத்தாள். கேட்கப் பயம், அவ்வளவுதான். நானாகவே சொன்னேன். கேட்டுவிட்டு, துடைப்பதை நிறுத்தாமலே அழுதாள்.

"கொழும்புல அட்டையே இல்லன்னு பெருமையா சொல்லுவீங்களே."

இல்லைதான் என்றேன்.

"அப்ப இனிமே கடிபடுங்க."

அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தாள். நேரே உள்ளே போய், ஆணியிலிருந்த பையை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள். மூன்று மாதம் தொடாமல் ஒதுங்கி நடந்த பை. சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி அலமாரியில் அடுக்கினாள். கடைசியில் பையைக் கவிழ்த்துத் தட்டினாள். கடையில் நான் பாவித்த, சப்பாத்துக்குள் குதியை நுழைக்கிற கரண்டி மட்டும் விழுந்தது. அதை இப்போது அவள் ரொட்டி புரட்டப் பாவிக்கிறாள்.

எனக்குக் கிடைத்த அட்டை உறையையும் அவள்தான் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறாள். வேறொன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளைக்காரர்கள் என் சப்பாத்தைப் பார்த்து எங்கே வாங்கினாய், என்ன விலை என்று கேட்கும்போது, தட்டை அடி, நகம் பதிகிற ரப்பர், நடுவில் விறைப்பு என்று பழைய கடைக்காரத் தோரணையில் பாடம் எடுக்கிறேன். சவுக்காரம் பூசாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். அவர்களுக்கு ஏன் என்று புரியாது.

ஆணி காலியாக இருக்கிறது. பை அடுப்பங்கரை மூலையில் இருக்கிறது, அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள்.